துச்சாதனன் கையா, உங்கள் கையா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 26. நகரி பக்கம் ஏகாம்பரகுப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிறேன். ஏழு வருஷமாக எங்கள் தெருக்கூத்து ஜமாவில் (குழுவில்) வேஷம் கட்டுகிறேன். போன வருஷம் சென்னையில் பத்து நாள் நடிப்புப் பயிற்சிக்குப் போனேன். "பாத்திரமாகவே மாறிவிடு, உன் வாழ்க்கையில் பட்ட காயத்தை எடுத்து மேடையில் வை" என்று சொல்லிக்கொடுத்தார்கள். இந்த வருஷம் பாரதக் கூத்தில், திரௌபதியின் துகில் உரியும் ராத்திரி, நான் துச்சாதனன். தறி ஓனர் எல்லார் முன்னாலும் என்னைக் கைநீட்டி அடித்த நாளை நினைத்துக்கொண்டு இறங்கினேன். அப்புறம் நடந்தது பாதி நினைவில்லை. திரௌபதி கட்டியவர் என் மாமா, இருபது வருஷமாகப் பெண் வேஷம் கட்டுகிறவர். டோப்பாவோடு (பொய் முடியோடு) சேர்த்து அவர் சொந்த முடியையும் பிடித்து இழுத்துவிட்டேன். வசனத்தில் இல்லாத ஒரு தெலுங்கு வசவு என் வாயில் வந்ததாம். மாமாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டு ஒரு வாரம் தறிக்குப் போகவில்லை. "இப்படி ஒரு துச்சாதனனைப் பார்த்ததில்லை" என்று ஊரே சொல்கிறது. எங்கள் கூத்து வாத்தியார் மட்டும் என்னிடம் பேசுவதில்லை. எனக்கு மூன்று நாள் தூக்கமில்லை. மனைவி கிட்ட வரவே பயப்படுகிறாள். சிலர் அம்மன் வந்திருக்கிறாள் என்கிறார்கள். நான் செய்தது நடிப்பா, தப்பா? பாத்திரத்தோடு கலப்பது என்றால்தான் என்ன?

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேஜை மேலேயே வைத்திருந்தேன். அவசரப்பட்டு எழுதக் கூடாது என்று தோன்றியது. ஊரே கொண்டாடியும் வாத்தியார் பேசாமல் இருப்பது உங்களை உறுத்துகிறது பாருங்கள், அதுதான் எனக்கு எழுதத் தைரியம் கொடுத்தது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நீங்கள் துச்சாதனனோடு கலக்கவே இல்லை. அவனை வெளியே தள்ளிவிட்டு அவன் வேஷத்துக்குள் நீங்கள் ஏறி உட்கார்ந்துகொண்டீர்கள். அதற்குச் சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: அந்தத் தெலுங்கு வசவு.

நான் திருத்தணிக்காரன். என் அப்பாவின் இளவயதில் எங்கள் ஊர் ஆந்திராவில் இருந்தது, 1960இல்தான் இந்தப் பக்கம் வந்தது. வீட்டில் இரண்டு மொழியும் புழங்கும். கொஞ்சுவதற்கு ஒன்று, திட்டுவதற்கு ஒன்று என்று நம் எல்லைப்பக்கத்து ஆட்களுக்கு மொழி தானாகவே பிரிந்துகொள்ளும். கூத்தில் கோமாளியாக வந்து கதையை நடத்துகிற கட்டியக்காரன் இரண்டிலும் மாறி மாறிப் பேசுவான், அது அவன் வேலை. உங்கள் துச்சாதனனுக்குப் பாட்டும் வசனமும் தமிழ்தானே? அப்படியிருக்க அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? ஓனர் உங்களை அடித்தபோது அவர் வாயில் வந்த வார்த்தையா என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் படுகிறது. அப்படியானால் மாமாவின் முடியைப் பிடித்தது யார் கை?

இன்னொன்று. துச்சாதனனுக்குத் திரௌபதி மேல் அந்த இடத்தில் என்ன கோபம்? அண்ணன் சூதில் ஜெயித்துவிட்டான். "போய் இழுத்து வா" என்கிறான். தம்பிக்கு அது பெருமை. சபை பார்க்கிறது, அண்ணன் பார்க்கிறான், பாண்டவர்கள் ஐந்து பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவனிடம் இருப்பது ஜெயித்த பக்கத்தின் கொழுப்பு. சிரித்துக்கொண்டே இழுக்கிறவன் அவன். பார்க்கிறவர்களுக்கு வயிறு கலங்குவது அந்தச் சிரிப்பில்தான்.

சரி, அந்தச் சபையில் எல்லார் முன்னாலும் அவமானப்பட்டவள் யார்? திரௌபதி. தொல்காப்பியம் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவுக்கும் முன்னால் இளிவை வைத்திருக்கிறார்கள், நாலு பேர் நடுவில் இழிவுபடுவதை. தறிக்கூடத்தில் உங்களுக்கு நடந்தது அதுதான். அஸ்தினாபுரத்தில் அவளுக்கு நடந்ததும் அதுதான். உங்கள் காயம் அவள் பக்கத்துக் காயம், தம்பி. அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவள் முடியையே பிடித்திருக்கிறீர்கள். வாத்தியாருக்கு இது அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். அவர் பேசாமல் இருப்பதற்குக் கோபம் மட்டும் காரணமாக இருக்காது.

சென்னையில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை ஒரேயடியாகத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அதன் வேர் ரஷ்யாவில் இருக்கிறது. 1898இல் மாஸ்கோ கலை அரங்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி. நடிகன் தன் சொந்த அனுபவத்தின் ஞாபகத்திலிருந்து உணர்ச்சியை எடுக்கலாம் என்று அவர் பழக்கிப் பார்த்தார். அது அமெரிக்காவுக்குப் போய், அங்கிருந்து சினிமா வழியாக உலகம் பூராவும் பரவியது. ஆனால் அவரே 1930களில் வேறு வழிக்கு வந்துவிட்டார். உணர்ச்சியை நேராகப் போய்ப் பிடிக்காதே, இந்த ஆள் இப்போது உடம்பால் என்ன செய்கிறான் என்று பார், அதை ஒழுங்காகச் செய், உணர்ச்சி பின்னாலேயே வரும் என்று சொல்லிக்கொடுத்தார். பத்து நாள் வகுப்பில் முதல் பாதியோடு அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது. கேமரா முன்னால் ஒரு தடவை அழுதால் போதும். நீங்களோ ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஆடுகிறவர், மறுநாள் இன்னொரு ஊரில் இன்னொரு வேஷம்.

காயத்தை எடுத்து மேடையில் வைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு அனுபவத்தில் தெரியும். 29 வயதில் ஒரு நாடகத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் வேஷம் போட்டேன். என் தங்கை பத்து வயதில் மஞ்சள் காமாலையில் போனவள். அவள் காலிலிருந்து கொலுசைக் கழற்றும்போது ஒன்று மட்டும் வரவில்லை. அம்மா சோப்பு நுரை தடவிக் கழற்றினாள். அந்தக் கொலுசை ஒவ்வொரு ஆட்டத்திலும் மனசுக்குள் கூப்பிட்டேன். முதல் நாலு ஆட்டம் கண்ணீர் கொட்டியது, ஆட்களும் அழுதார்கள். ஏழாவது ஆட்டத்தில் கொலுசு வந்தது, சோப்பு நுரை வந்தது, அழுகை வரவில்லை. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த வருஷம் தங்கையின் திதிக்கு ஊருக்குப் போனேன். அம்மா படத்துக்கு முன்னால் நின்று அழுகிறாள், நான் பக்கத்தில் நின்று என் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். தங்கையை நினைத்தால் மேடை வெளிச்சம்தான் முதலில் வந்தது. அது சரியாகப் பல வருஷம் பிடித்தது. நடிப்பு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகு, சாவையும் அடியையும் ஞாபகத்திலிருந்து எடு என்று ஒரு பிள்ளையிடமும் நான் சொன்னதில்லை.

இனி உங்கள் சொந்த வீட்டுக்கு வருகிறேன். 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமியும் அவரோடு இருந்தவர்களும் நடிப்பு கற்றுக்கொள்ள எங்கே போனார்கள் தெரியுமா? புரிசை ஊரில் வழிவழியாகக் கூத்தாடும் தம்பிரான் குடும்பத்தின் தெருக்கூத்தைத் தேடிப் போனார்கள். நீங்கள் கூத்திலேயே இருந்துகொண்டு அதில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விட்டுவிட்டீர்களோ என்று எனக்கு வருத்தம்.

உங்கள் வேஷம் எப்படி இறங்குகிறது என்று யோசியுங்கள். திரைக்குப் பின்னால் நின்று, "இன்னார் வந்தாரே" என்று தன்னைப் பற்றித் தானே யாரோ ஒருவரைச் சொல்வதுபோலப் பாடுகிறீர்கள். திரை விலகியதும் கட்டியக்காரன் "நீர் யார்?" என்று கேட்கிறான், நீங்கள் பதில் சொல்கிறீர்கள். இதெல்லாம் எதற்கு? நடிகனுக்கும் வேஷத்துக்கும் நடுவில் ஒரு கை அகலம் இடம் விடத்தான் என்பது என் எண்ணம். அதே நேரத்தில் கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த புஜக்கட்டை தோளை அகலமாக்குகிறது, கிரீடம் கழுத்தை நிமிர்த்துகிறது, சலங்கை நடையை மாற்றுகிறது. உடம்பு பாதிக்கு மேல் துச்சாதனன் ஆகிவிடுகிறது. வாய் மட்டும் "அவன் வந்தான்" என்கிறது. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருப்பதைத்தான் நான் கலப்பது என்பேன். உங்கள் தறியிலேயே இருக்கிறதே. நீளவாக்கில் கட்டிய பாவு விறைப்பாக நின்றால்தான் குறுக்கே ஊடை ஓடும். நீங்கள் பாவு, பாத்திரம் ஊடை. பாவு அறுந்த பிறகும் யாராவது தறியை ஓட்டுவார்களா? நிறுத்தி, முடி போட்டுவிட்டுத்தானே ஓட்டுவீர்கள்.

துகில் ராத்திரியில் இன்னொரு வழக்கமும் உண்டு. திரௌபதியின் மேல் கை வைப்பதற்கு முன்னால் ஆட்டம் நிற்கும். கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதனன் கட்டியவர் கும்பிட்டு, "தாயே, இது வேஷம், என்னை மன்னித்துக்கொள்" என்று கேட்டுக்கொள்வார். அன்றைக்கு நீங்கள் அதைச் செய்தீர்களா, இல்லை வேகத்தில் விட்டுவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. விட்டிருந்தால் அடுத்த தடவை விடாதீர்கள். பக்திக்காக மட்டும் சொல்லவில்லை. எதிரில் இருப்பது மாமா, என் கையில் இருப்பது அவர் உடம்பு என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ள அந்த ஒரு நிமிஷம்தான் கிடைக்கும்.

பள்ளிப்பட்டு பக்கம் ஒரு பெரியவர் துச்சாதனன் கட்டி நான் பார்த்திருக்கிறேன். அறுபதைத் தாண்டியவர். கற்பூரம் அணைந்தது, எழுந்தார், திரும்பினார், அவ்வளவுதான். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பாட்டி மண்ணை வாரித் தூற்ற ஆரம்பித்துவிட்டாள். நான் பாய்க்குப் பக்கத்தில் இருந்ததால் அவர் கையைக் கவனித்தேன். முடிக்கு மேலே கொண்டுபோய் வெறும் முஷ்டியாக மூடினார். உள்ளே ஒரு மயிர்கூட இல்லை. முஷ்டி திரௌபதி கட்டியவரின் உச்சந்தலையில் பதிந்து நின்றது. திரௌபதி இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். பார்க்கிறவர்களுக்கு அவள் விடுவித்துக்கொள்ளப் போராடுகிறாள். உண்மையில் அந்தக் கையைத் தன் தலையோடு அழுத்தி வைத்துக்கொண்டு, எப்போது நகர்வது, எந்தப் பக்கம் சாய்வது என்று முடிவு செய்தது அவர்தான். இழுத்தவர் பின்னாலேயே போனார், இழுபட்டவர் கூட்டிக்கொண்டு போனார். பெரியவரின் தோளும் தாடையும் கண்ணும் மட்டும் முழு பலத்தில் இழுத்தன. ஆட்டம் முடிந்து பின்னால் போய்ப் பார்த்தேன். தேங்காய் எண்ணெயால் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே, சோளிங்கருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார்.

அவர் பொய்யாக நடித்தாரா? அந்தப் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள்.

கேரளத்தில் கூடியாட்டம் என்ற பழைய சமஸ்கிருத நாடகத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும். இராவணனாக வேஷம் கட்டிய ஒரே நடிகர், கிரீடத்தைக்கூடக் கழற்றாமல், கைலாய மலையைத் தூக்கின கதையைச் சொல்லிக்கொண்டே சிவன் ஆவார், ஊடல்கொண்ட பார்வதி ஆவார், திரும்ப இராவணன் ஆவார். பகர்ந்தாட்டம் என்று அதற்குப் பெயர். ஒரு ஆளுக்குள் தன்னைத் தொலைத்தவரால் இன்னொரு ஆளுக்குள் எப்படிப் போக முடியும்?

சரி, நீங்கள் என்ன செய்யலாம். அடுத்த ஆட்டத்துக்கு முன்னால், துச்சாதனன் ஒவ்வொரு பாட்டிலும் யாரிடம் என்ன வாங்கப் பார்க்கிறான் என்று வாத்தியாரோடு உட்கார்ந்து பேசுங்கள். அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இழுக்கிறானா, பீமனைப் பார்த்துக்கொண்டே இழுக்கிறானா? இரண்டுக்கும் நடை வேறு, சிரிப்பு வேறு. பீமனைப் பார்த்துக்கொண்டு இழுக்கிறவன் வாயைத் திறந்து சிரிக்க மாட்டான், அவனுக்கு உள்ளே பயமும் இருக்கும். இப்படிப் பத்து இடம் கண்டுபிடித்தீர்களானால் ஓனர் ஞாபகமே தேவைப்படாது. நம் ஆட்கள் இதற்கு மெய்ப்பாடு என்று பெயர் வைத்தார்கள். மெய் என்றால் உடம்பு. மூச்சைக் குறைத்து, தாடையை இறுக்கி, பாதத்தை அகட்டி நின்று பாருங்கள். கோபம் தானே எட்டிப்பார்க்கும். அது வந்த வழியும் தெரியும், திருப்பி அனுப்பும் வழியும் தெரியும்.

ஆட்டத்தின் நடுவில் நீங்கள் இருக்கிறீர்களா, போய்விட்டீர்களா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. தாளம் காதில் விழுகிறதா என்று பாருங்கள். மிருதங்கமும் முகவீணையும் கேட்டுக்கொண்டிருக்கிறவரை எவ்வளவு வேண்டுமானாலும் ஆவேசமாக ஆடுங்கள். தாளம் கேட்காமல் போனால் உடனே கையை எடுத்துவிட்டு ஒரு அடவு சுற்றி வாருங்கள், அதற்குள் பின்பாட்டுக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். அன்றைக்குப் பாதி நினைவில்லை என்கிறீர்களே, அந்தப் பாதியில் தாளம் கேட்டதா?

அம்மன் வந்தாள் என்று சொல்கிறார்களே, அதைப் பற்றி மரியாதையோடு சொல்கிறேன். திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்து பொழுதுபோக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, தபசு மரத்தில் அர்ச்சுனன் ஏறும் அன்றைக்குப் பிள்ளை வரம் கேட்டு ஈரத் துணியோடு கீழே காத்திருக்கும் பெண்கள், கடைசியில் பாரதப் போரின் முடிவைக் காட்டும் படுகளம். அர்ச்சுனன் கட்டுகிறவர் விரதம் இருந்துதான் மரம் ஏறுகிறார். மேலேயிருந்து அவர் போடும் எலுமிச்சம்பழத்தை முந்தானையில் ஏந்துகிறவர்களுக்கு அது தறிக்காரர் கை இல்லை. அந்த இடங்களில் அருள் வருவதை நான் கேள்வி கேட்க மாட்டேன். அது வந்தால் தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கிறார்கள், விபூதி இருக்கிறது, எலுமிச்சம்பழம் இருக்கிறது, வந்த அருளை அமைதிப்படுத்தி மலையேற்றும் முறை இருக்கிறது. ஆனால் யோசியுங்கள் தம்பி: அம்மன் வந்திருந்தால் திரௌபதியின் முடியைப் பிடித்து வசவு சொல்வாளா? உங்களுக்கு வந்ததற்கு அவள் பெயரை வைக்க வேண்டாம்.

சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி நாடகக்காரர்கள் வழிவழியாகச் சொல்லும் ஒன்று உண்டு. அவர் நடிகராக இருந்த காலத்தில் சனீஸ்வரன் வேஷம் கட்டி ஆடிவிட்டு, விடியற்காலையில் வேஷத்தைக் கலைக்க நீர்நிலைக்குப் போனாராம். அங்கே துணி வெளுக்க வந்த கர்ப்பிணி ஒருத்தி அந்தக் கோலத்தைப் பார்த்துப் பயந்து உயிரை விட்டுவிட்டாளாம். அதோடு அவர் வேஷம் கட்டுவதை நிறுத்திவிட்டு எழுதவும் சொல்லிக்கொடுக்கவும் போனார் என்பார்கள். 1922இல் அவர் இறக்கும்வரை அவரிடம் பயின்ற பிள்ளைகள்தான் அப்புறம் தமிழ் மேடையையே நிரப்பினார்கள். வேஷத்தோடு மேடையை விட்டு வெளியே நடந்தால் என்ன ஆகும் என்று இதைவிட நன்றாக யாரும் சொல்லிவிட முடியாது. நீங்கள் அன்றைக்கு அரிதாரத்தைக் கழுவினீர்கள், ஆனால் துச்சாதனனும் ஓனரும் உங்களோடு வீடுவரை வந்துவிட்டார்கள். உங்கள் மனைவி பயப்படுவது அவர்களைப் பார்த்து.

ஆகவே இறங்கும் வழியையும் பழகுங்கள். மங்களம் பாடும்போது நழுவிவிடாமல் நின்று பாடுங்கள். கிரீடத்தை நீங்களே கழற்றிக் கும்பிட்டு வையுங்கள். எண்ணெய் தடவி முகத்தை நிதானமாகத் துடையுங்கள். அப்புறம், யாரோடு மல்லுக்கட்டினீர்களோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டீ குடியுங்கள். மாமா உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், நீங்கள் அவரை மாமா என்று கூப்பிட வேண்டும். அது ஆன பிறகு வீட்டுக்குப் போங்கள். விடிந்ததும் ஒரு குவார்ட்டர் போட்டால் தூக்கம் வரும் என்று ஜமாவில் யாராவது சொல்வார்கள். வேண்டாம். நல்ல வேஷக்காரர்கள் எத்தனையோ பேரை நான் அந்த வழியில் பறிகொடுத்திருக்கிறேன்.

மனைவியிடம் எதையும் மறைக்காதீர்கள். ஓனர் அடித்த விஷயம் அவருக்குத் தெரியுமா? தெரியாது என்றால் முதலில் அதைச் சொல்லுங்கள். அந்த அடிக்கு நியாயம் கேட்க வேண்டுமானால் அதற்குச் சங்கம் இருக்கிறது, பெரியவர்கள் இருக்கிறார்கள், போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. துகில் ராத்திரி அதற்கு இடம் இல்லை. தூக்கமின்மை இன்னும் தொடர்ந்தால், அல்லது பகலில் தறிக்கு முன்னால் நிற்கும்போதும் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வந்தால், 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்று அரசாங்கம் நடத்தும் மனநல உதவி எண் அது, காசு இல்லை. தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம். நடிகன் டாக்டரிடம் போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கால் சுளுக்கினால் போக மாட்டீர்களா?

வாத்தியாரிடம் உடனே போய் நிற்காதீர்கள். முதலில் மாமா வீட்டுக்குப் போங்கள். "பரவாயில்ல மாப்ள" என்று அவர் சொல்லிவிடுவார், அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். போகும்போது அந்த டோப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், பிய்ந்த இடத்தைத் தைத்துவிட்டு. கழுத்து சரியானதும் மத்தியானத்தில், அரிதாரம் இல்லாமல், லுங்கியோடு அவர் வீட்டுத் திண்ணையிலேயே அந்த இடத்தை ஆடிப் பாருங்கள். உங்கள் முஷ்டி காலியாக இருக்கட்டும். அவர் இரண்டு கையும் உங்கள் மணிக்கட்டைப் பிடிக்கட்டும். அவர் ஒரு தடவை அழுத்தினால் நகர்வது, இரண்டு தடவை அழுத்தினால் அந்த நிமிஷமே விடுவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவியையும் கூட அழைத்துப் போய்ப் பக்கத்தில் உட்கார வையுங்கள், எப்படிச் செய்கிறீர்கள் என்று அவரும் பார்க்கட்டும். அதற்கு அப்புறம் இரண்டு பேருமாக வாத்தியார் வீட்டுக்குப் போங்கள்.